பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவதில்லை. கண்ணில் எந்நேரமும் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பதால் முதலாளி முதல் பக்கத்துக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் நான் "லென்ஸ்"தான். வயது நாற்பத்து நான்கு. தொழில் வாட்ச் பழுது பார்ப்பது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழில், அதில் ஒன்பது வருடம் இப்போதைய கடையில், அதாவது இன்று காலை வரை. குடியிருப்பது விளையாட்டு மைதானத்தின் கிழக்கு வாசலுக்கு நேர் எதிரே உள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடி, படி ஏறியதும் இடப்பக்க வீடு. லிஃப்ட் கிடையாது. முகவரி சரிதானா என்று எழுதும் அதிகாரி இரண்டு முறை கேட்டார். சரிதான். இந்த முகவரியால்தான் இன்று இந்தக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஆகவே அதைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என்னை யாரும் அழைக்கவில்லை, மிரட்டவும் இல்லை. நானாகவே ஒரு வாட்ச்சையும் கடைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தின் நகலையும் கொண்டுவந்து மேசை மேல் வைத்தேன்.

எங்கள் கடையில் சாதாரண வாட்ச்சுகளோடு, ஓடுகிறவர்கள் கட்டும் ஜி.பி.எஸ். வாட்ச்சும் பார்ப்போம். அது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, கட்டியிருப்பவர் எந்த இடத்தில் இருக்கிறார், எவ்வளவு தூரம் போனார், எவ்வளவு உயரம் ஏறினார் இறங்கினார், நாடி எப்படித் துடித்தது என்பதையெல்லாம் நிமிடவாரியாகப் பதிந்துவைக்கும். கடையில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். பழுதுக்கு வரும் பொருள் எதுவானாலும் ஒரு பெரிய பதிவேட்டில் ஏற வேண்டும். வந்த தேதி, கோளாறு, கொடுத்த தேதி, கடைசிக் கட்டத்தில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. சனிக்கிழமை மாலை கடை அடைக்கும் முன் முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெழுத்து இல்லாத ஒவ்வொரு வரிக்கும் பொருள் இரும்பு பீரோவில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன் கடையில் வேலை பார்த்த ஒருவர், வாடிக்கையாளரின் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஊர்சுற்றப் போய் அதைத் தொலைத்துவிட்டு வந்தார். அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முதலாளி ஒரு பலகை மாட்டினார். "வாடிக்கையாளர் பொருள் இந்த வாசலைத் தாண்டாது" என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் என் நாற்காலி.

இம்மாதம் ஏழாம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணியளவில் ஒரு பெண் ஜி.பி.எஸ். வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். எங்கள் கடையில் வருகிறவர்களுக்குக் கோளாறை வைத்துத்தான் பெயர் வைப்போம். இவருக்கு "பத்து கிலோமீட்டர்" என்று வைத்தோம். அவர் சொன்னது இதுதான்: "பத்து கிலோமீட்டர் ஓடறேன் அண்ணா. இது எட்டரைதான் காட்டுது."

நான் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலேயே, "ஒண்ணரை கிலோமீட்டர் குறைஞ்சா குடியா முழுகிடும்? போட்டிக்கா போறீங்க?" என்று கேட்டேன்.

"போட்டி இல்லண்ணா. வீட்டுல கேள்வி வருது. ஒரு மணி நேரத்துல எட்டரைதானா, மீதி நேரம் எங்க நின்னே, யார்கிட்ட பேசிட்டிருந்தேன்னு."

நான் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளவும். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் சொன்னதிலிருந்து நான் தெரிந்துகொண்டது, அந்த வாட்ச்சை வாங்கிக் கொடுத்ததே அவருடைய கணவர்தான். அதில் பதிவாவது எல்லாம் கணவருடைய போனிலும் தெரியும்படி அவரே செய்துவைத்திருக்கிறார். கணவருக்கு நிலம் அளக்கும் வேலை, வேலை நிமித்தம் அவ்வப்போது வெளியூர் போவார், அந்த வாரம் வெள்ளிக்கிழமை போனவர் திங்கட்கிழமை மாலை திரும்புவார். "அவரு வர்றதுக்குள்ள இது சரியாகணும். ஒரு மீட்டர்கூடத் தப்பாக் காட்டக் கூடாது அண்ணா" என்று அந்தப் பெண் சொன்னார். பழுதுக்குக் கொடுத்ததைக் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று இருக்கிறார் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது.

வாட்ச்சைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி அவருடைய பழைய ஓட்டங்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். ஏரிக்கரையைச் சுற்றி ஓடியவரை ஏரிக்குள் இறங்கி நடந்துபோனதாக அது வரைந்திருந்தது. ஒரு நாள் மதில்களைத் தாண்டி நாலு வீட்டுக்கு நடுவே ஓடவிட்டிருந்தது. சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது என்று யாரோ சொல்லி அவர் பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பில் போட்டிருந்தார். அந்த அமைப்பில் நிமிடத்துக்கு ஒரு முறைதான் அது இடத்தைப் பார்க்கும், நடுவில் உள்ள வளைவையெல்லாம் கத்தரித்துவிட்டு நேர்க்கோடு இழுத்துவிடும். தினமும் ஏரியைச் சுற்றுகிறவருக்கு ஒன்றரை கிலோமீட்டர் காணாமல் போனது அதில்தான். அதை மாற்றி ஒவ்வொரு விநாடியும் பார்க்கும்படி வைத்தேன். செயற்கைக்கோள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற கோப்பு பழசாகிக் கிடந்தது, அதையும் புதுப்பித்தேன். அதன் பிறகு அவரிடம், பட்டனை அழுத்தியதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உடனே ஓட ஆரம்பித்துவிடுவேன் என்றார்.

"அதுதான் தப்பு. அதுக்கு முதல்ல நீங்க எங்க நிக்கறீங்கன்னு தெரியணும். வாசல்ல, வெட்டவெளியில அசையாம நில்லுங்க. வாட்ச் ஓரத்துல பச்சைக் கோடு முழுசா வரணும். ரெண்டு நிமிஷம் ஆனாலும் சரி, மூணு நிமிஷம் ஆனாலும் சரி, நிக்கணும்" என்று சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் அதைத் திருப்பிச் சொன்னார். இந்தப் பேச்சு பின்னால் வரும் என்பதால் இதை விவரமாகச் சொல்கிறேன்.

இனி சோதித்துப் பார்க்க வேண்டும். கடை விதிப்படி சோதனை கடைத் தெருவில்தான் செய்ய வேண்டும். எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஏழு மாடிக் கட்டடங்கள், முழுக்கக் கண்ணாடி. சிக்னல் அதில் பட்டுத் தெறிக்கும். நான் நடைபாதையில் நடந்தால் எதிரில் உள்ள பாங்க்கின் லாக்கர் அறைக்குள் நடமாடியதாக வாட்ச் காட்டும். மற்றவர்களுக்கு என்றால் அந்த அளவில் விட்டுவிடுவேன். ஒரு மீட்டர்கூடத் தப்பக் கூடாது என்று ஒருத்தர் கேட்டுவிட்டதால் எனக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு எதிரில் மைதானம் இருக்கிறது, ஓடுதடத்தின் ஒரு சுற்று சரியாக நானூறு மீட்டர், ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிக்கொண்டு நடந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பீரோவில் வாட்ச் இல்லாவிட்டால் முதலாளி மாலையில் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அன்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, அவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பதிவேட்டில் அந்த வரியில் "கொடுத்த தேதி: ஏழு, சனி" என்று எழுதி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற கட்டத்தில் அந்தப் பெண்ணின் பெயரின் முதலெழுத்தைப் போட்டு ஒரு வளைவு இழுத்துவிட்டேன். வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை ஒரு குற்றமாகவே நான் நினைக்கவில்லை. வேலையை நேர்த்தியாகச் செய்வதற்காக ஒரு சின்ன ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

எட்டாம் தேதி ஞாயிறு காலை ஆறு ஐந்துக்கு வாட்ச்சைக் கட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றேன், பச்சைக் கோடு வந்தது, நாலு சுற்று நடந்தேன். ஆயிரத்து அறுநூறு மீட்டர். வாட்ச் ஆயிரத்து அறுநூற்று மூன்று காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு கீழே தண்ணீர் வண்டி வந்திருந்ததால் இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். மனைவி குழந்தைகளோடு அவளுடைய தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். வாட்ச்சை நிறுத்தவில்லை. எட்டேகால் மணிக்கு விழித்து நிறுத்து பட்டனை அழுத்தினேன். அது எல்லாவற்றையும் ஒரு ஓட்டமாகச் சேமித்துக்கொண்டது. சோதனைப் பதிவைக் கொடுக்கும் முன் அழித்துவிட வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு தடவையும் நான் அதை மறந்ததில்லை.

ஒன்பதாம் தேதி திங்கள் மதியம் ஒன்றரை மணிக்கு, முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்தப் பெண் வந்தார். பதிவேட்டில் ஏற்கெனவே கொடுத்ததாக இருப்பதால் முதலாளி வருவதற்குள் அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. நிற்க வேண்டிய முறையை மறுபடி சொன்னேன், மீட்டர் பிசகாது என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். அழிப்பதை மறந்தேன். அவர் போகும்போது, "கையெழுத்துப் போட வேண்டாமா அண்ணா?" என்று கேட்டார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றேன்.

அன்று மாலை அந்த வாட்ச் அவருடைய போனுடன் சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கணவருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பத்தாம் தேதி செவ்வாய் காலை பதினொரு மணிக்கு இருவரும் கடைக்கு வந்தார்கள். கணவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. அவர் ஒரு தடவையும் குரலை உயர்த்தவில்லை. போனை முதலாளியின் மேசை மேல் வைத்து, நிலத்தின் எல்லை காட்டுகிற மாதிரி விரலால் காட்டிக்கொண்டே போனார்.

"ஞாயிற்றுக்கிழமை ஆறு அஞ்சுக்கு மைதானம். ஆறு இருபத்தேழுக்கு எதிர்ல இருக்கற கட்டடத்துக்குள்ள போறா. ஒன்பது மீட்டர் ஏறுது, அப்ப மூணாவது மாடி. நாடி நூத்தி நாப்பத்தெட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி அம்பத்தெட்டுக்கு வருது. எட்டேகால் வரைக்கும் அங்கேயே இருக்கு. தூங்கியிருக்கா."

அது என் நாடி. தண்ணீர் கேன் தூக்கி மூச்சு வாங்கிய என் நாடி. இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வயதுக்கு அந்த வேலைக்கு நூற்று நாற்பத்தெட்டு கொஞ்சம் அதிகம்தான்.

அந்தப் பெண், "ஞாயிற்றுக்கிழமை என் கைல வாட்ச்சே இல்ல. இங்கதான் இருந்துச்சு. இவங்க டெஸ்ட் பண்ணியிருப்பாங்க" என்றார்.

கணவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பலகையைக் காட்டினார். "எங்க கடைல டெஸ்ட் எல்லாம் இந்தத் தெருவுலதாங்க. ஞாயிற்றுக்கிழமை லீவு. எப்ப குடுத்தோம்னு வேணும்னா ரெஜிஸ்டரைப் பாத்துக்கங்க." சொன்னதோடு நிற்காமல் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பியும் வைத்தார். ஏழு, சனி. பக்கத்தில் முதலெழுத்து.

"இது என் கையெழுத்து இல்ல" என்றார் அந்தப் பெண்.

"உன் பேரோட முதலெழுத்துதானே?" என்றார் கணவர்.

அதன் பிறகு அந்தப் பெண் என்னிடம் திரும்பி, "அண்ணா, நேத்து மத்தியானம் நீங்கதானே என் கைல குடுத்தீங்க? கையெழுத்து வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? சொல்லுங்கண்ணா" என்றார்.

அந்த நேரத்தில் கடையில் முதலாளி, கணவர், அந்தப் பெண், நான், ஆக நான்கு பேர். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டியிருந்தது நான்தான்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் அன்றே வேலை போகும், பொய்க் கையெழுத்துப் போட்டவன் என்று எந்தக் கடையிலும் சேர்க்கமாட்டார்கள் என்று என் புத்தி வேகமாக வேலை செய்தது. நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் நான் சப்பைக்கட்டு கட்ட விரும்பவில்லை. நாக்கு நன்றாகத்தான் புரண்டது. நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளவும்.

"ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதாங்க."

கணவர் விடவில்லை. "இது தப்பா காட்ட வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார். அதுவாவது ஒரு வழி. ஆமாம், இந்த மாதிரி வாட்ச்சை நம்ப முடியாது, கட்டடத்தில் பட்டுத் தெறித்து வேறு எங்கேயோ காட்டும் என்று அவிழ்த்துவிட எனக்குத் தெரியாத பொய்யா? "முன்னாடி தப்பாதான் காட்டுச்சு. இப்ப சரி பண்ணியாச்சு" என்றேன். முதலாளி, "எங்க லென்ஸ் கை வெச்சா ரெண்டு மீட்டர்கூடப் பிசகாது" என்று சேர்த்துக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது.

கணவர் எனக்கு நன்றி சொன்னார். கதவைத் திறந்து பிடித்து, மனைவி வெளியே போகும்வரை நின்றார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் என் மனைவி ஒரு செய்தி சொன்னாள். ஐந்து மணியளவில் இஸ்திரிச் சட்டை போட்ட ஒருவர் கட்டடத்துக்குக் கீழே நின்று போனைப் பார்ப்பதும் மாடிகளை எண்ணுவதுமாக இருந்தாராம், யார் வேண்டும் என்று அவள் மேலிருந்து கேட்டதும் பதில் சொல்லாமல் போய்விட்டாராம். அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, இரண்டு நாளில் ஆறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன்.

பதிமூன்றாம் தேதி வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கணவர் மட்டும் வந்தார். அதே வாட்ச், கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. "புதன்கிழமை காலைல ஓடப்போனா. பாலத்துக்கிட்ட வழுக்கி விழுந்துட்டா. கால்ல ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்கு. இனிமே ஓட மாட்டா" என்றார். முதலாளி பாவம் என்றார். கணவர் என்னிடம், "கண்ணாடிய மாத்திடுங்க. உள்ள இருக்கறதெல்லாம் சுத்தமா துடைச்சிடுங்க. என் போன்ல இருந்து எடுத்துட்டேன், இதுல என்ன இருக்கும்னு தெரியல. வேற ஒருத்தருக்குக் குடுக்கணும். எனக்கு உங்க கடை மேலதான் நம்பிக்கை" என்றார்.

அவர் போன பிறகு வாட்ச்சைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எல்லாப் பதிவுகளும் அழியும், தொடரவா என்று திரை கேட்டது. ஒரு தட்டு தட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமைப் பதிவும் அதோடு போய்விடும், என் குட்டு வெளிப்பட வழியே இருக்காது. அதை நினைக்காமல் இல்லை, நினைத்தேன். அதன் பிறகு வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, பதினோராம் தேதி புதன்கிழமைப் பதிவைத் திறந்தேன்.

அதில் கண்டதை மட்டும் சொல்கிறேன். காலை ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஓட்டத்துக்கான பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது. இடம், அவர்கள் வீட்டு வாசல். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. அதன் பிறகு வீட்டை நோக்கிப் பத்து அடி. அதன் பிறகு உயரம் மூன்று மீட்டர் கூடுகிறது, அதாவது மாடி ஏறியிருக்கிறார், நாடி நூற்று அறுபதைத் தாண்டுகிறது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு இரண்டே விநாடியில் உயரம் மூன்று மீட்டர் குறைகிறது. படியில் நடந்து இறங்கினால் அடிகள் பதிவாகும். அடிகள் இல்லை. அதன் பிறகு முப்பத்தெட்டு நிமிடம் அந்த வாட்ச் அதே இடத்தில் கிடந்திருக்கிறது, நாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆறரை மணிக்கு யாரோ நிறுத்து பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். பாலம் அவர்கள் வீட்டிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர். அந்த வாட்ச் அன்று பாலத்துக்குப் போகவே இல்லை.

யாராவது தள்ளினார்களா, அவரே விழுந்தாரா என்று அதிகாரி கேட்டார். அது வாட்ச்சில் தெரியாது, நானும் பார்க்கவில்லை. எங்கே விழுந்தார், எப்போது விழுந்தார், எவ்வளவு நேரம் கிடந்தார் என்பது தெரியும். இடத்தில் தவறு இருக்குமா என்றும் கேட்டார். இருக்காது. அதைச் சரிசெய்தது நான்.

கண்ணாடி வர மூன்று நாள் ஆகும் என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "நம்ம வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்து படுத்துட்டுப் போச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அது பொய்யின்னு சொல்ல உங்களுக்கு நாலு நாளு வேணுமா?" என்று கேட்டாள்.

இன்று பதினான்காம் தேதி காலை கடை திறந்ததும் முதலாளியிடம் பதிவேட்டைக் காட்டி உள்ளதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை, வெளியே யாருக்காவது தெரியுமா என்றுதான். வாட்ச்சைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் நீ வேலைக்கு வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை வரியில் "காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லப்படுகிறது" என்று எழுதி, இந்த முறை என் சொந்தக் கையெழுத்தைப் போட்டு, வாட்ச்சோடு வெளியே வந்தேன். பலகை தலைக்கு மேலே அப்படியேதான் தொங்கியது.

அதன் பிறகு பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் பொது வார்டு, ஜன்னலோரத்திலிருந்து இரண்டாவது கட்டில். காலில் இடுப்புக்குக் கீழே கட்டு, நெற்றியில் தையல். பக்கத்தில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் எழுந்து நின்று, போங்க என்று கையைக் காட்டினார். அந்தப் பெண்தான் இருக்கட்டும் என்றார். நான் சனிக்கிழமை கையெழுத்தையும் ஞாயிற்றுக்கிழமை நடையையும் சொல்லி, காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அந்த வார்த்தை அங்கே ரொம்பச் சின்னதாக இருந்தது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "பச்சைக் கோட்டுக்காக நின்னுட்டிருந்தேன் சார். முன்னாடி எல்லாம் அவரு எழுந்து வர்றதுக்குள்ள தெருமுனைய தாண்டிடுவேன். நீங்க நிக்கச் சொன்னீங்க, நின்னேன்" என்றார்.

அதற்கு முன் என்னை அண்ணா என்று கூப்பிட்டவர்.

அவரே தொடர்ந்து, "போலீஸ்ல கேட்டாங்க. பாலத்துக்கிட்ட நானாதான் விழுந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். எனக்குப் போக வேற வீடு இல்ல. நீங்களும் ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதையே சொல்லிட்டுப் போங்க சார்" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எழும்பி நடக்கவே ஆறு மாதம் ஆகும் என்று நர்ஸ் சொன்னார்.

அங்கிருந்து நேராக இங்கே வந்தேன். அவருடைய வாக்குமூலமும் என்னுடையதும் ஒன்றுக்கொன்று மாறாக இருப்பதாக அதிகாரி சொன்னார். இருக்கும். அவர் பயந்து சொன்னதும் நான் பயந்து சொன்னதும் ஒரே மாதிரி இருந்தது, பயம் விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. யாரை நம்புவது என்று தெரியாவிட்டால் வாட்ச்சைக் கேட்கவும். ஞாயிற்றுக்கிழமை ஆறு இருபத்தேழு முதல் எட்டேகால் வரை அது காட்டும் இடம், இந்தத் தாளின் தலைப்பில் உள்ள என் முகவரி. சந்தேகம் இருந்தால் தண்ணீர் கேனைக் கொடுங்கள், அந்த மூன்று மாடியை இன்னொரு முறை ஏறிக் காட்டுகிறேன், நாடியை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்தப் பெண் எங்கள் வீட்டுப் படியை மிதித்ததே இல்லை.

மேலே கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, எல்லாம் நான் சொன்னதுதான், எல்லாம் நடந்ததுதான். இதன் கீழே உள்ள கையெழுத்து என்னுடையது. கடைப் பதிவேட்டில் ஏழாம் தேதி, சனிக்கிழமை வரியில், பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் உள்ள கையெழுத்தும் என்னுடையதே.

(ஒப்பம்)
பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம்